கொரோனாவில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

2021 மே மாதத்தில் நிலக்கோட்டைப் பகுதியில் ஜனாஸா தொழுகை நடத்திய நம் போன்ற ஆலிம்களுக்கு நினைவிருக்கும்: அடக்கிய மய்யித்துகள் எல்லாமே அன்றாட அரசு அறிக்கையில் ஏறிவிடவில்லை. பரிசோதனை முடிவு வருமுன் வஃபாத்தானவர்கள், வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள், சான்றிதழில் 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் விடுபட்டார்கள்.

இவர்களையும் கணக்கில் கொண்டுவரும் வழிதான் 'மிகை மரண' மதிப்பீடு. இது நோயின் பெயரைக் கேட்பதில்லை. வழக்கமாக ஓர் ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள், நோய் வந்த ஆண்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்துக் கழிக்கிறது. நம் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கும் புரியும் கணக்குதான். வருடத்துக்குப் பன்னிரண்டு கப்ருகள் தோண்டும் மஹல்லாவில் ஒரு வருடம் 25 தோண்டினால், 13 மிகை. ஒரே ஊரில் இது தற்செயலாகவும் நேரலாம். அதனால்தான் மாநிலம், நாடு என்று பார்க்கிறார்கள். அந்த மிகையில் ஊரடங்கால் டயாலிசிஸுக்குப் போக முடியாமல் இறந்தவரும் இருப்பார். சாலை விபத்து குறைந்ததால் பிழைத்தவர்கள் கணக்கைக் கீழே இழுப்பார்கள்.

இந்தியாவில் பதிவான மரணங்கள் 2019-ல் சுமார் 76.4 லட்சம், 2020-ல் 81.2 லட்சம், 2021-ல் 1 கோடியே 2 லட்சம். பதிவு செய்யும் வழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு. ஆனால் 2021 முடிய கொரோனா மரணங்கள் என்று அரசு அறிவித்தது சுமார் 4.8 லட்சமே. உலக சுகாதார நிறுவனம் 2022 மே 5 அன்று, அந்த இரண்டு ஆண்டுகளில் உலகில் 1 கோடியே 49 லட்சம், இந்தியாவில் சுமார் 47 லட்சம் மிகை மரணங்கள் என மதிப்பிட்டது. கணக்கிட்ட முறையே சரியில்லை என்று இந்திய அரசு மறுத்தது. 47 லட்சம் என்பதில் விவாதம் இருக்கட்டும், 4.8 லட்சம் குறைவான கணக்கு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சென்னையிலேயே விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு சேர்த்ததே!

இது வெறும் எண் விவகாரமல்ல. உச்ச நீதிமன்றம் 2021-ல் ஏற்றுக்கொண்ட 50,000 ரூபாய் உதவித்தொகை, மரணம் கொரோனாவால் நேர்ந்தது என்று காட்டும் ஆவணத்தைப் பொறுத்திருந்தது. பரிசோதனைத் தாளே இல்லாத குடும்பம் எதைக் காட்டியிருக்கும்?

சொத்தோ ஓய்வூதியமோ இல்லாத மூதாட்டியின் மரணத்தைப் பலர் பதிவு செய்வதே இல்லை. பதிவாகாத மரணம், பதிவுகளை வைத்துச் செய்யும் மிகைக் கணக்கில் நேரடியாக ஏறாது. 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம்: கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம், நிலக்கோட்டைக்குள் பேரூராட்சி அலுவலகத்தில். ஜமாஅத் குறிப்பேட்டிலும் பெயர், வயது, அடக்கிய தேதியோடு, நோய்க்குறி என்ன, எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்பதையும் முஅத்தின் எழுதி வைக்கட்டும்.