வள்ளி கடல் கடந்த கதை

திருவேங்கடத்துக் கொடைவிழா இரவுகளில், பபூன் வந்து சிரிக்கவைத்துப் போனபின், ஆர்மோனியக்காரர் துருத்தியை இழுத்து ராஜபார்ட்டின் கட்டைக்குச் சுருதி பிடித்துக் காட்டும் வேளையில், கரிசல் மண்ணில் சாக்கை விரித்துத் தூங்கிப்போன குழந்தைகளைத் தாய்மார் தட்டி, "எந்திரி, வள்ளி வரப்போறா" என்று எழுப்புவதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அப்படியொரு நள்ளிரவில் என் பக்கத்தில் குந்தியிருந்த முதியவர் ஒருவர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எங்க தாத்தா சிலோன்ல கங்காணிகிட்டச் சொல்லிட்டு ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் பாத்துட்டு, விடியவும் நேரா கவ்வாத்துக்குப் போயிட்டாராம்." கத்தியும் கையுமாய்த் தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்தபடியே, இரவு கேட்ட பாட்டை முணுமுணுத்திருக்கக் கூடிய அந்த மனிதரை நினைத்துக் கொண்டுதான் இவ்வாரக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

இந்நாடகத்தை இன்று நாம் காணும் உருவில் ஆக்கித் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, இளமையில் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதி, பின்னர் மேடையேறி எமனாகவும் இரணியனாகவும் சனீசுவரனாகவும் சபையோரை நடுங்க வைத்து, அதன்பின் வேடத்தைக் களைந்துவிட்டுப் பிறருக்கு நாடகம் எழுதிக் கொடுப்பதையும் பயிற்றுவிப்பதையுமே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, 1922-இல் புதுச்சேரியில் மறைந்தவர் அவர். அவர் பிறந்த அதே 1867-இல்தான் இலங்கை மலைநாட்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை வியாபாரத்துக்கென்று முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார் என்பது யதேச்சையாக நேர்ந்த ஒற்றுமைதான். ஆயினும், காப்பி நோயால் அழிந்து தேயிலை தழைத்த அந்த மலைகளுக்குத் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி ஜில்லாக்களின் ஜனங்கள் திரள்திரளாகச் சென்றிராவிடில், சுவாமிகளின் பாட்டுக்களுக்கு அக்கரையில் அத்தனை செவிகள் ஏது?

வழியும் எளிதாகவே இருந்தது. எங்கள் பக்கத்தார் வண்டி கட்டிக் கோவிற்பட்டி ரயிலடிக்குச் சென்று, தூத்துக்குடியில் கப்பலேறினால் ஓரிரவில் கொழும்பு. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே படகுப் போக்குவரத்து ஏற்பட்டு, ரயில் டிக்கட்டோடு கடலையும் தாண்டலாம் என்றானபின், படுதாக்களும் பெட்டிகளும் சுமந்து திரியும் நாடகக்காரருக்கு இலங்கை என்பது இன்னொரு ஜில்லாவைப் போலவே ஆயிற்று. சுகுண விலாச சபையாரோடு பம்மல் சம்பந்த முதலியாரும் அங்கே சென்று நடித்தவரே. எனினும் படித்த கனவான்களின் சபை நாடகம் வேறு, விடிய விடியக் கொட்டகை நிரம்பிய வள்ளி திருமணம் வேறு.

ஏன் வள்ளி? என் அபிப்பிராயம் இது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் கடைசிப் படலமாக வரும் இக்கதைக்குப் பெரும் படையோ அரண்மனைக் காட்சியோ வேண்டியதில்லை. ஒரு பரண், ஒரு கவண், வேலன், வள்ளி, கோள்மூட்ட ஒரு நாரதர் இருந்தால் போதும். தினைப்புனத்தில் வேலனும் வள்ளியும் தர்க்கம் தொடுக்கும் இடத்தில், எழுதிவைத்த வசனத்தோடு நில்லாமல், அந்தந்த நடிகர் தம் தமிழறிவுக்கும் சங்கீத ஞானத்துக்கும் சமயோசித புத்திக்கும் தக்கவாறு கேள்வியை வீசுவதும், எதிராளி அதைத் தாளம் தவறாமல் மடக்குவதுமாக இரண்டு மணி நேரம் கூட நீட்டலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்டு, ஒத்திகையின்றி மேடையிலேயே முகம் பார்த்துக்கொள்ளும் 'ஸ்பெஷல் நாடக'த்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

அப்படி ஸ்பெஷலாக நிகழ்ந்த சந்திப்புத்தான் 1926-இல் கொழும்பில் நடந்தது. செங்கோட்டைக் கிட்டப்பாவுக்கு அப்போது இருபது வயது. கொடுமுடி சுந்தராம்பாளுக்குப் பதினெட்டு. ரயிலில் பாடிப் பிழைத்த ஏழைச் சிறுமியாக இருந்து மேடைக்கு வந்த அவ்வம்மையார் கொழும்பில் புகழோடு நடித்து வருகையில், கிட்டப்பாவும் அங்கே வருகிறார் என்ற செய்தி பரவியது. அவருடைய சாரீரத்துக்கு முன் நின்று தாக்குப்பிடிக்க முடியாது, வேண்டாம் அம்மா, என்று வேண்டியவர்களே அச்சுறுத்தினர் என்பதும், அம்மையார் அசையாமல் ஒப்புக்கொண்டார் என்பதும் நாடக உலகம் இன்றும் சொல்லி மகிழும் வரலாறு. ஒலிபெருக்கி இல்லாத நாளில், கடைசி வரிசைத் தரை டிக்கட்டுக்காரனுக்கும் சொல் தெளிவாக விழும்படி உச்ச ஸ்தாயியில் நின்று பாடும் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறியதைக் கேட்டவர்களுக்கு, தர்க்கத்தில் வென்றவர் வேலனா வள்ளியா என்ற கேள்வியே மறந்து போயிருக்கும். மறு ஆண்டில் இருவரும் தம்பதியராயினர். 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில் கிட்டப்பா மறைந்தார்; வெள்ளையுடை தரித்த சுந்தராம்பாள் அதன்பின் எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிக்கவில்லை. அதே 1933-இல்தான் டி.பி.ராஜலக்ஷ்மி வள்ளியாக நடித்த பேசும்படம் வெளிவந்து, கொட்டகை வள்ளியைத் திரைக்குக் கொண்டு சென்றது.

ஆனால் 'கடல் கடந்தாள்' என்று தலைப்பிட்ட நானே சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் வள்ளி வேடர் குலத்துப் பெண், கதிர்காமத்துக்கு அருகிலேயே வளர்ந்தவள் என்பது அந்நாட்டு ஐதிகம். ஆடித் திருவிழாவில் கதிர்காம நாதன் யானைமேல் எழுந்தருளிச் செல்வதும் வள்ளியம்மன் கோயிலுக்குத்தான். தேவியர் இருவரோடும் முருகனை எழுதிய திரைச்சீலையை விலக்காமல், அத்திரைக்கே அங்கு வழிபாடு. கொழும்பிலோ செட்டித்தெருவிலிருந்து ஆடிவேல் ரதம் புறப்படும். இப்படிப்பட்ட பூமியில், மயிலும் வேலும் தீட்டிய படுதா மேலெழும்பிப் பரண்மேல் ஒருத்தி நின்றபோது, அவளை விருந்தாளி என்று யார் நினைத்திருப்பார்கள்?

யாழ்ப்பாணத்தார் இக்கலையை இன்னும் நெருக்கமாக எடுத்துக் கொண்டனர். நம் நடிகர் வந்து போனதோடு விடாமல், 'கொட்டகைக் கூத்து' என்று தமக்கே உரிய பெயர் சூட்டித் தாமே ஆடத் தொடங்கினர். 1924-இல் பிறந்து 1989-இல் மறைந்த காங்கேசன்துறை நடிகமணி வி.வி.வைரமுத்து அவர்களுள் தலையாயவர். ஆனால் அவரை ஊரூராக அழைத்துச் சென்றது வள்ளியின் தினைப்புனம் அன்று, சுடுகாடு: அரிச்சந்திர மயான காண்டம். கலியாணக் கதையைக் கொண்டாடிய ஜனங்களே இடுகாட்டுக் கதைக்கும் இரவெல்லாம் விழித்திருந்த அந்த விந்தையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)