யுங்கர்ஸ் 52: ஜெர்மனி இழந்த போக்குவரத்து விமானங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைக்கு ஆளும் சரக்கும் வானில் சுமந்தது பெரும்பாலும் யுங்கர்ஸ் 52 விமானம்தான். மூன்று எஞ்சின்கள், நெளிநெளியான உலோகத் தகடு போர்த்திய உடல். கரடுமுரடான தரையிலும் இறங்கும். வேகம் குறைவு, தற்காப்புக்குச் சில இயந்திரத் துப்பாக்கிகளே உண்டு. பெரிய படையெடுப்பு வரும்போதெல்லாம், குண்டுவீச்சு விமானிகளைத் தயார்செய்யும் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து இந்த விமானங்களையும் அவற்றை ஓட்டும் ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு பிசகியது 1940 மே 10 அன்று, நெதர்லாந்துப் படையெடுப்பில். ஹேக் நகருக்கு அருகே வால்கன்பர்க் விமானதளம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. இறங்கிய விமானங்களின் சக்கரங்கள் ஈர மண்ணில் புதைந்து, மீண்டும் எழும்ப முடியாமல் நின்றன. பின்னால் வந்தவற்றுக்கு இறங்க இடமில்லை. சில விமானங்கள் நெடுஞ்சாலையில் இறங்கின. அந்தப் படையெடுப்பில் சேதமடைந்தவற்றையும் சேர்த்தால் 200க்கு மேற்பட்ட விமானங்கள் கைவிட்டுப் போயின. மறு ஆண்டு மே மாதம் கிரீட் தீவில், பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த மாலெமே ஓடுதளத்தில் விமானங்களை இறக்கினார்கள். நொறுங்கியவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை வரவேற்றார்கள். தீவு கிடைத்தது, ஏறத்தாழ 150 விமானங்கள் போயின.

ஸ்டாலின்கிராட் இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. 1942 நவம்பரில் முற்றுகையில் சிக்கிய ஜெர்மன் 6ஆம் படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் சரக்கு தேவைப்பட்டது. விமானப்படை கொடுத்துவிடும் என்று அதன் தலைவர் கோரிங் வாக்களித்தார். சராசரியாகப் போய்ச் சேர்ந்தது 100 டன் சொச்சம். உறைபனியில் எஞ்சினைக் கிளப்புவதே பெரும்பாடு. சரக்கு விமானங்கள் கிளம்பிய தாட்சின்ஸ்காயா தளத்தை, பீரங்கிச் சுடுகைக்கு உள்ளாகும்வரை காலிசெய்யக் கூடாது என்பதும் கோரிங்கின் உத்தரவுதான். டிசம்பர் 24 விடியலில், மூடுபனிக்குள் சோவியத் டாங்கிகள் தளத்துக்குள்ளேயே வந்துவிட்டன. விமானிகள் கண்மண் தெரியாமல் கிளம்பினார்கள். சில விமானங்கள் ஒன்றோடொன்று மோதின. அங்கிருந்த சுமார் 180 விமானங்களில் 124 தப்பின. முற்றுகை முடியும்போது எல்லா வகையிலுமாக 490 அளவுக்கு விமானங்கள் அழிந்திருந்தன. அவற்றில் 266 யுங்கர்ஸ் 52. எதிரி சுட்டது ஒரு பங்குதான். பனியும் விபத்தும் கொண்டுபோனது கொஞ்சமல்ல.

இயந்திரத்தைத் தொழிற்சாலை மறுபடி செய்து தரும். மேகத்துக்குள் கருவியை மட்டும் நம்பிப் பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியரை அப்படிச் செய்ய முடியாது. விமானமும் அதை ஓட்டிய ஆசிரியரும் போன கையோடு, அடுத்த ஆண்டுக்கான குண்டுவீச்சு விமானிகளும் குறைந்தார்கள். படைத் தலைமைக்கு இது தெரியாமல் இல்லை. போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பியதுதான் வினை.

ஆப்பிரிக்காவிலும் அதே கதை. 1943 ஏப்ரல் 18, குருத்தோலை ஞாயிறு மாலையில், துனீசியாவிலிருந்து சிசிலிக்குக் கடலையொட்டித் தாழப் பறந்து திரும்பிய பெரும் கூட்டத்தை நேச நாட்டுப் போர் விமானங்கள் மறித்தன. 24 யுங்கர்ஸ் வீழ்ந்தன, 35 சேதத்தோடு தப்பின. நான்கு நாள் கழித்து, பெட்ரோல் ஏற்றிவந்த ஆறு எஞ்சின் மெஸ்ஸர்ஷ்மிட் 323 விமானங்களின் கூட்டமும் அதே கடலில் பெரும்பாலும் அழிந்தது. அதற்குப் பிறகு துனீசியாவுக்கு இரவில் மட்டுமே சரக்கு பறந்தது.