ஓசூர் ரோடு: ஒரு சிறை, ஒரு மருத்துவமனை

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறினால் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஹொசா ரோடு ஜங்ஷன் வரும். அங்கே வலது பக்கம் திரும்பினால் பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறை. திரும்பாமல் நேரே போனால் சில்க் போர்டு, மடிவாளா கடந்து நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. சிப்காட் ஷிஃப்ட் ஆட்களும் எங்களை மாதிரி ஐடி ஆட்களும் தினமும் போய்வருகிற ரோடு இது.

இந்த இரண்டு இடங்களும் ஒருமுறை சந்தித்துக்கொண்டன. நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அந்தச் சிறையில் 5,024 கைதிகளின் மனநலத்தை ஆராய்ந்தார்கள். அறிக்கை 2011இல் வந்தது. 79.6 சதவீதம் பேருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ ஏதாவது ஒன்று இருந்தது. போதையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 27.6 சதவீதம். உள்ளே போனதால் வந்ததா, இருந்ததால் உள்ளே போனார்களா? ஒரு சர்வே இதைப் பிரித்துச் சொல்லாது.

ஏ.டி.ஹெச்.டி. விஷயத்தில் இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று உரைகள் நிகழ்த்தினார். புத்தியில் குறையில்லாத, ஆனால் ஆத்திரத்தையும் ஆசையையும் அடக்க முடியாத 20 குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். அடிப்பது, பொய், திருட்டு, தண்டித்த சில மணி நேரத்தில் திரும்பவும் அதே. ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை’ என்று பெயர் வைத்தார். பெயர் மோசம்தான். ஆனாலும் அது உடம்பிலுள்ள குறையாக இருக்கலாம், பிள்ளையின் கெட்ட எண்ணம் இல்லை என்று யோசித்தார் இல்லையா, அது பெரிய விஷயம்.

அதே பேரரசு 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கு நீட்டித்தது. இங்கே எந்த டாக்டரும் எந்தக் குழந்தையையும் உட்கார்த்திவைத்துக் கேட்கவில்லை. சாதியைப் பார்த்தார்கள், கைரேகை எடுத்தார்கள், ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள். ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கும் ‘சேலம் மேல்நாட்டுக் கொறவர்’, ‘சேலம் உப்புக் கொறவர்’ போன்ற பெயர்கள் அந்தச் சட்டத்தின் மிச்சம். லண்டன் பிள்ளைக்கு நோய், சேலத்துப் பிள்ளைக்குப் பிறவிக் குற்றம். அதனால்தான் ‘மூளைக்கும் குற்றத்துக்கும் தொடர்பு’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே சந்தேகம் வருகிறது.

ஆனால் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. 2012இல் ஸ்வீடனில் வந்த ஆய்வு ஒன்று ஏ.டி.ஹெச்.டி. உள்ள 25,656 பேரைத் தொடர்ந்து பார்த்தது. ஒரே ஆள் மாத்திரை எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். எடுத்த காலத்தில் குற்றங்கள் ஆண்களிடம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைவு. அதே ஆள், அதே குடும்பம், அதே ஊர். ரத்தத்தில் ஊறிய குற்றம் என்றால் மாத்திரைக்கு எப்படிக் குறையும்? அந்தப் பழைய சட்டத்துக்கு இதைவிட நல்ல மறுப்பை நான் படித்ததில்லை. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பெரும்பாலானவர்கள் எந்தக் குற்றமும் செய்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் பில் கட்ட மறப்பார்கள், மீட்டிங்கில் வெடிப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த வெடிப்பு மருத்துவ வரையறைக்குள் இன்னும் சரியாக வரவில்லை. யூட்டாவில் பால் வெண்டர் பெரியவர்களுக்காக வகுத்த அளவுகோலில் முன்கோபம் இருந்தது. இப்போது டாக்டர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 18 அறிகுறிகளில் கோபம் இல்லை. கூடவே வரக்கூடியது என்று ஓரமாகச் சொல்கிறது.

நம் சட்டத்துக்குக் கோபம் தெரியும், 1860 முதலே. திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டவன் செய்த கொலை, கொலைக்குற்றம் ஆகாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் விதிவிலக்கு உண்டு. 1961இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோல் வைத்தது: அதே சமூகப் பிரிவைச் சேர்ந்த, நியாயமாக நடக்கிற ஒருவன் அந்த நிலைமையில் நிதானம் இழப்பானா? வர்க்கத்துக்கு இடம் கொடுத்த அளவுகோல், பிறவியிலேயே பிரேக் லேட்டாகப் பிடிக்கிறவனுக்கு இடம் கொடுக்கவில்லை. மனநலம் குன்றியவருக்கான 84ஆம் பிரிவும் அவனுக்கு உதவாது; தான் செய்வது தப்பு என்று அவனுக்குத் தெரியும். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் எண்கள்தான் மாறின, 101, 22 என்று.

எங்கள் வேலையில் முப்பது வயதுக்கு மேல் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபீஸ் கட்டி டாக்டரைப் பார்த்து, டீமில் சொல்லி, கொஞ்சம் அனுதாபமும் வாங்கிவிடலாம். சிப்காட்டில் கான்ட்ராக்ட்டில் இருக்கும் பையன் சூப்பர்வைசரிடம் கையை ஓங்கினால் மறுநாள் கேட் பாஸ் இருக்காது. அவனுக்கு ஊரில் வேறு பெயர்கள் உண்டு: முன்கோபி, அடங்காதவன், எங்கேயும் நிலையா நிக்காதவன். இரண்டாவது தடவை போலீஸ் வந்தால் அதுவும் மாறி ‘பழைய கேஸ்’ ஆகிவிடும்.

இதற்குத் தரும் முக்கியமான மருந்து மெத்தில்ஃபெனிடேட். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் அதுவும் உண்டு. சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. சீட்டு வேண்டுமென்றால் ஒரு நாள் லீவு போட்டு, சம்பளத்தை விட்டு, அந்தப் பஸ்ஸில் ஹொசா ரோடு ஜங்ஷனைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு முதலில், இப்படி ஒன்று இருக்கிறது என்று அவனிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.