துவிச்சக்கர வண்டியும் அதனைத் திருத்தும் கையும் – ஒரு வரலாற்று நோக்கு

கண்டுபிடிப்புக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் யார், எப்போது கண்டுபிடித்தார் என்னும் வினாவுடன் நின்றுவிடுகின்றனர். அப்பொருள் பழுதடைந்தபோது அதனைத் திருத்தியவர் யார் என்பது அவ்வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றது. துவிச்சக்கர வண்டியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வினாவே முக்கியமானது என்பது எமது கருத்து. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது இந்நாட்டில் பலர் முதன்முறையாகவோ, நீண்டகாலத்தின் பின்னரோ சைக்கிளில் ஏறினர். அவ்வாறு ஓடப் பழகியோருள் ஒட்டுப் போடவும் பழகியோர் எத்தனை பேர்?

1870களில் ஐரோப்பிய வீதிகளில் ஓடிய உயர்சக்கர வண்டியில் மிதிகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. சங்கிலி இல்லை, ரயரும் திண்ம இறப்பரே. ஆகவே அதனை ஓட்டியவர் தலைகுப்புற வீழ்வதற்கு அஞ்சினாரேயன்றி, முள்ளுக்கு அஞ்சவில்லை. மான்செஸ்ரரில் வாழ்ந்த ஹான்ஸ் றெனோல்ட் 1880 இல் உருளைச் சங்கிலியை ஆக்கினார். 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்ராளி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் 'றோவர்' வண்டியைக் கொவென்றியில் வெளியிட்டார். வீழும் ஆபத்துக் குறைந்தது. அதற்கு ஈடாகச் சங்கிலியைத் துடைப்பதும் எண்ணெயிடுவதும் ஓட்டுநரின் கடமைகளாயின.

பெரிய சிக்கலைக் கொணர்ந்தது காற்றே. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் போய்ட் டன்லொப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்து 1888 இல் காப்புரிமை பெற்றார். றொபேட் தொம்சன் என்பவர் 1845 ஆம் ஆண்டிலேயே இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தமையால், 1890 இல் டன்லொப்பின் உரிமை செல்லாததாயிற்று. தொம்சனோ 1873 இல் காலமாகிவிட்டார்! அது நிற்க, டன்லொப்பின் ரயர் சக்கரத்தின் வளையத்துடன் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. துளை விழுந்தால் அதனை உரித்தெடுத்து, ஒட்டி, மீண்டும் பசை காயும்வரை பல மணிநேரம் காத்திருத்தல் வேண்டும். சுகமான பயணம் கிடைத்தது. ஆனால் வண்டி ஓட்டுநரின் கையை விட்டுப் பட்டறைக்காரனின் கைக்குச் சென்றுவிட்டது எனலாம்.

அதனை மீட்டுக் கொடுத்தவர்கள் பிரான்சின் கிளெர்மோன் பெரோன் நகரில் இறப்பர்த் தொழிற்சாலை நடத்திய அந்திரே, எதுவார் மிஷ்லேன் என்னும் சகோதரர்கள். வழியிலேயே கழற்றி மாட்டக்கூடிய ரயருக்கு அவர்கள் 1891 இல் காப்புரிமை பெற்றனர். அவ்வாண்டு செப்ரெம்பரில் பாரிசிலிருந்து பிறெஸ்ற் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர்ப் போட்டியில், அவ்வகை ரயருடன் ஓடிய சார்ள் தெரோன் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் வெற்றி பெற்றார். இரண்டாமவர் வந்துசேரப் பின்னும் பல மணிநேரமாயிற்று. மறுஆண்டு சகோதரர்கள் தாமே ஒரு போட்டியை நடத்தி, பாதையில் ஆணிகளைத் தூவச் செய்தனர். திருத்துதல் எவ்வளவு எளிதென்பதை உலகு காணவேண்டுமாம். அது அறமா என்பது வேறு விடயம்.

எனினும், கழற்றக்கூடிய ரயர் மட்டும் போதாது. கழற்றத் துணியும் கையும் வேண்டும். மரியா வார்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1896 இல் வெளியிட்ட 'பைசிக்கிளிங் போர் லேடீஸ்' என்ற நூலில், பெண்களும் கருவிகளும் என ஓர் அத்தியாயமே உண்டு. தையற் கருவிகளைக் கையாளத் தெரிந்த பெண்ணுக்கு ஸ்பானரும் கைவராததன்று என்பது அவர் வாதம். சைக்கிள் பெண்ணுக்கு விடுதலை தந்தது என்று மேலோட்டமாகக் கூறுவோர், வீதியில் நின்றுவிட்ட வண்டியைத் திருத்த ஆணொருவனை எதிர்பார்த்து நிற்பது எத்தகைய விடுதலை என்பதைச் சிந்திப்பதில்லை.

இத்திறனின் பெறுமதியை யாழ்ப்பாணக் குடாநாடு நன்கறியும். 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் மின்கலங்களும் கிடைக்காது, மின்சாரமும் அற்றிருந்த ஆண்டுகளில், ஆட்களையும் விறகையும் நோயாளரையும் சுமந்தது சைக்கிளே. வெளிச்சத்துக்கென அமைந்த டைனமோவை வானொலியுடன் இணைத்து, மிதியைச் சுழற்றிச் செய்தி கேட்டனர். வண்டியின் உறுப்பு ஒவ்வொன்றும் என்ன செய்கின்றது என்று அறிந்த சமூகத்துக்கே இது இயலும்.

புதிதாக ஓடுவோர் அறியவேண்டியவை மிகையல்ல. சங்கிலி 'நீள்வது' இரும்பு இழுபடுவதாலன்று. அதன் முளைகள் தேய்வதாலாகும். புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் சங்கிலியை மாற்றுதல் நன்று. தாமதித்தால் பற்சில்லுகளும் தேய்ந்து செலவு பெருகும்.

ஒட்டுப் போடுவதிலோ அன்றைய முறை பெரிதும் மாறவில்லை. ரியூப்பிற்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி துளையைக் காட்டும். அவ்விடத்தை உலர்த்தி, அரத்தாளால் உரோஞ்சி, சொலூசன் பூசி, அதன் ஈரம் போகும்வரை பொறுத்த பின்னரே ஒட்டை வைத்து அழுத்தவேண்டும். பழகாதவர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான். மற்றொன்று, ரியூப்பை மீள இடுமுன் ரயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்ப்பது. துளைத்த முள் பல வேளைகளில் அங்கேயே இருக்கும்.