கடலையைத் தள்ளிப்போட்ட கதை

பிள்ளைக்கு வேர்க்கடலையை எப்போது கொடுக்கலாம்? இந்தச் சின்னக் கேள்வியில் மருத்துவ உலகமே ஒருமுறை சறுக்கியது நண்பர்களே!

அலர்ஜி அபாயமுள்ள குழந்தைகளுக்கு 3 வயதுவரை கடலை வேண்டாம் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி சொன்னது. அலர்ஜியோ குறையவில்லை, கூடியது. 2008-இல் அந்த அறிவுரை கைவிடப்பட்டது.

அதே ஆண்டு லண்டன் மருத்துவர் கிடியன் லாக் குழுவினர் ஒரு வித்தியாசத்தை வெளியிட்டார்கள். பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு, இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிட 10 மடங்கு கடலை அலர்ஜி! இஸ்ரேலில் ஒரு வயதுக்குள்ளேயே 'பம்பா' என்ற கடலைத் தின்பண்டம் கொடுத்துவிடுவார்கள்.

அபாயமுள்ள 640 குழந்தைகளை வைத்தும் சோதித்தார்கள். 2015-இல் முடிவு வந்தது: சீக்கிரமே கடலை சாப்பிட்டவர்களிடம் அலர்ஜி சுமார் 80% குறைவு. (முழுக்கடலை அல்ல, அது தொண்டையில் அடைக்கும்!)

நல்ல எண்ணத்தில் சொன்ன அறிவுரைதான். ஆனால் சோதித்துப் பார்க்காமல் சொன்னது. விலை கொடுத்தது குழந்தைகள்.