கேனிங் லோக்கல் மாஷியும் கொஞ்சம் சரித்திரமும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆச்சு. டாக்குரியாவில் ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே வீடு. விடிகாலையில் கேனிங் லோக்கல் வந்து நின்றதும் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருவது எங்கள் பால்கனியிலிருந்தே தெரியும். கேனிங், தால்தி, சோனார்பூர் என்று தெற்கேயிருந்து வீட்டு வேலைக்கு வருகிறவர்கள். எங்கள் வீட்டு மாஷியும் அதில் ஒருத்தர். (மாஷி என்றால் நம்மூர் சித்தி, பெரியம்மா மாதிரி.)

போன மார்கழியில் ஒரு நாள், "பௌதி, ஒரு விஷயம்" என்று சமையலறைக் கதவைச் சாத்தினார். இடது மார்பில் கட்டி. துர்கா பூஜைக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். வலி இல்லை, அதனால் விட்டுவிட்டாராம். ஒரு நாள் வராவிட்டால் நாலு வீட்டிலும் சம்பளம் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் பிடிப்பதில்லை என்று பெருமையடிக்கலாம்தான். ஆனால் லீவு கேட்கவே அவர் தயங்கும்படிதான் நானும் இருந்திருக்கிறேன்.

எனக்கு உடனே மாயவரத்து அத்தை ஞாபகம் வந்தது. 1986இல் புடவைத் தலைப்புக்குள்ளேயே மறைத்து, புண்ணாகி வாடை வந்த பிறகுதான் மாமாவுக்கே தெரிந்தது. அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது எல்லாம் முற்றியிருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஹாஜ்ரா மோட்டில், சித்தரஞ்சன் தாஸ் பெண்களின் வைத்தியத்துக்காகக் கொடுத்த வீடு இருக்கிறது. அவர் இறந்த மறு வருஷம், 1926இல், அங்கே சேவா சதன் ஆரம்பித்தார்கள். டாக்டர் சுபோத் மித்ரா முயற்சியில் அதை ஒட்டியே புற்றுநோய் மருத்துவமனையும் வந்தது. 1950 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தவர் யார் தெரியுமா? மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ-கியூரி! தினமும் பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறேன், இத்தனை நாள் தெரியாது. நாலு வருஷம் கழித்து, 1954இல், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். மறு வருஷம் டாக்டர் சாந்தா அங்கே சேர்ந்தார். 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு, வாசல் எல்லாம்.

இரண்டுமே பெரிய காரியங்கள். ஆனால் மருத்துவமனை என்பது வருகிறவருக்கு வைத்தியம் பார்க்கும் இடம். அத்தை மாதிரி வராமலே இருப்பவரை யார் தேடிப் போவது?

மேல்நாடுகளில் அதற்கு மேமோகிராம் என்று பதில் கண்டார்கள். 1963இல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை வைத்து ஆரம்பித்த ஆய்வுதான் முன்னோடி. அதில் டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பதும் சேர்ந்தே இருந்தது, புகழ் மட்டும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. பிரிட்டனில் 1988இலிருந்து இலவசமாகச் செய்கிறார்கள். லண்டன் நாத்தனாருக்கு 50 முடிந்ததும் கடிதம் வீடு தேடி வந்தது. நம்மூரில் அத்தனை இயந்திரத்துக்கும் படம் பார்த்துச் சொல்லும் டாக்டருக்கும் எங்கே போவது? போதாததற்கு, இங்கே இந்த நோய் இளம் வயதிலேயே நிறையப் பேருக்கு வருகிறது. அந்த வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், படத்தில் கட்டி சரியாகத் தெரியாது.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனைக்காரர்கள் 1998இல் வேறு வழியில் இறங்கினார்கள். பத்தாவது படித்த பெண்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து, கையாலேயே மார்பைப் பரிசோதிக்கப் பழக்கினார்கள். குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பரிசோதனை, மீதிப் பேருக்கு விழிப்புணர்வுப் பேச்சு மட்டும். (அது நியாயமா என்று பிற்பாடு சண்டையே நடந்தது. எனக்கும் உறுத்துகிறது.) இருபது வருஷம் விடாமல் பின்தொடர்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். முற்றிய நிலையில் நோய் தெரியவந்தவர்கள், பரிசோதனை இல்லாத குழுவில் 47 சதவீதம், பரிசோதித்த குழுவில் 37 சதவீதம். 50ம் அதற்கு மேலும் வயதானவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே பலன் நிரூபணமாகவில்லை, அதையும் மறைக்காமல் சொன்னார்கள். திருவனந்தபுரத்திலும் 2006இல் டாக்டர் சங்கரநாராயணன் குழு இதேபோல ஆரம்பித்தது. அங்கேயும் நோய் முன்னதாகவே அகப்பட்டது.

ஆக, எக்ஸ்ரே இல்லாமல் பயிற்சி பெற்ற விரல்களே இவ்வளவு செய்யும். 2016இலேயே மத்திய அரசு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் இந்தப் பரிசோதனை என்று வழிமுறை போட்டுவிட்டது. ஆனால் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், 30 முதல் 49 வயதில் ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர் இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாறு பேர். நாம் பரவாயில்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியுமா இதற்கு?

மாஷிக்கு என்ன வயது என்று கேட்டால் 78 வெள்ளத்தின்போது கைக்குழந்தை என்பார். அந்த 50 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவருக்கே நிச்சயமில்லை. தவிர, கட்டி தெரிந்த பிறகு அது வயது பார்த்துச் செய்யும் பரிசோதனை இல்லை, உடனே ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நடை. மூன்று நாள் சம்பளத்தையும் மற்ற வீட்டுக்காரர்களிடம் பேசி வாங்கித் தந்தவர் நம்ம ரங்கமணி. (அவர் பெங்காலி அப்படி. கொடுத்துத் தொலைத்தார்கள்.)

புற்றுநோய்தான். ஆனால் இரண்டாம் நிலை. ஆபரேஷன் முடிந்து, இப்போது கீமோ நடக்கிறது. தலைமுடி கொட்டியதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்க அழுதார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாஷி வந்தபோது கூடவே இரண்டு பேர். மூவரும் ஒரே பெட்டியில் வருகிறவர்களாம். ஒருத்தருக்கு அறுபது இருக்கும், இன்னொருத்தர் என்னைவிடச் சின்னவர். உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார்கள். காபி போட்டுக் கொடுத்தேன். பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். வெள்ளிக்கிழமைக்கு மறுபடி லீவு சொல்லியிருக்கிறேன்.