கூலியின் குறையும் ஊராரின் சுமையும்

ஆளுக்குக் கூலியைக் குறைத்தவன் தன் பொருளைச் சேமித்தான் என்பர் உலகோர். கூலி குறைந்தமையால் உழைப்பாளியின் பசி குறைந்துவிடுவதில்லை. அக்குறையைப் பிறர் ஒருவர் நிரப்புதல் வேண்டும். நிரப்பியவர் யாவர் என்பதை இங்கிலாந்து தேசத்துச் சரித்திரம் தெளிவுறக் காட்டுகின்றது.

அந்நாட்டில் 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வோர் ஊராரும் நிலமும் வீடும் உடையாரிடம் வரி தண்டித் தம்மூர் ஏழைகளைப் பாதுகாத்து வந்தனர். 1794-இல் விளைவு குன்றியது. பிரான்சுடன் போரும் நிகழ்ந்தது. தானிய விலை ஏறிற்று. 1795 மே மாதத்தில் பெர்க்‌ஷயர் மாகாண நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்னும் ஊரிற் கூடினர். கூலியைச் சட்டத்தால் விதிக்க அவர்கள் உடன்படவில்லை. உயர்த்திக் கொடுக்குமாறு பண்ணையாரை வேண்டிக்கொண்டு, பின்வரும் திட்டத்தையும் வகுத்தனர். அஃதாவது, ஏறக்குறைய 8¾ ராத்தல் எடையுள்ள ரொட்டி ஒரு ஷில்லிங் விற்குங்கால், உழைப்பாளிக்கு வாரம் 3 ஷில்லிங்கும், அவன் மனைவி மக்களுள் ஒவ்வொருவர்க்கும் 1½ ஷில்லிங்கும் கிடைத்தல் வேண்டும். சம்பாத்தியம் போதாதாயின் எஞ்சியது ஏழை வரியினின்று கொடுக்கப்படும்.

இஃது இரக்கத்தாற் பிறந்த ஏற்பாடே. ஆயினும் கணக்கை நோக்குவோம். மனைவியும் இரு மக்களும் உடையானுக்கு 7½ ஷில்லிங் வேண்டும். எசமானன் 6 கொடுப்பின் ஊரார் 1½ கொடுப்பர். அவன் 5 ஆகக் குறைப்பின் ஊரார் 2½ கொடுப்பர். உழைப்பாளிக்கு வரவு ஒன்றே, இலாபம் எசமானனுக்கே. ஆள் வைத்துக்கொள்ளாத சிறு கடைக்காரன் செலுத்திய வரியும் பெரும் பண்ணையாரின் கூலிக் கணக்கிற்கு உதவிற்று.

நீதிபதிகள் குறைந்த அளவுக் கூலியை விதிக்கலாமென்று சாமுவேல் விட்பிரெட் கொணர்ந்த மசோதா 1796-இல் பார்லிமெண்டிற் தோல்வியுற்றது. ஏழைகளுக்கான செலவோ 1818-இல் 80 லட்சம் பவுனை நெருங்கிற்று. 1830-இல் தென்னாட்டுக் குடியானவர் கூலி உயர்வு வேண்டிக் கிளர்ந்தெழுந்து, கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தனர்.

நிற்க, பழி யார்மீது விழுந்தது? உதவித் தொகையே ஏழைகளைச் சோம்பராக்கிற்று என்றது விசாரணைக் குழு. 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், உதவி நாடியோர் பலர் வேலை இல்லங்களில் அடைக்கப்பட்டனர். ஆங்குக் கணவனும் மனைவியும் பிரித்து வைக்கப்பட்டனர். குறைந்த கூலியின் விளைவே உதவித் தொகையன்றி, அதன் காரணம் அன்று என்று மார்க் பிளாக் என்னும் பொருளாதார அறிஞர் 1963-இல் எடுத்துக் காட்டினார். நாடு முழுமைக்கும் குறைந்த அளவுக் கூலியை விதிக்கும் சட்டம் அங்கு 1998-இலேதான் நிறைவேறிற்று.

அன்பர்காள்! நம்மவருள் ஆள் வைத்துத் தொழில் நடத்துவோர் பலர். தர்மத்திற்கு வாரி வழங்குவோரும் அவர்களே. உழைத்தவனுக்கு உரியதைக் குறைத்துவிட்டுப் பின்னர் அவனுக்கே அன்னமிடுதல் தர்மமாகாது. அது கடனிற் பாதியைத் திருப்புதலே. முதலிற் கூலியை நிறைவாய்க் கொடுப்போமாக. தர்மம் அதன் பின்னர்த் தொடங்கட்டும்.